தட்டாத துடுப்பு

நீர்யானை மேல் படகை விட்டவன் சோக்கோதான். பழி போட வேறு ஆள் இல்லை. படகில் கூட இருந்தது, புலிமீன் பிடிக்கத் தலைநகர் லுசாக்காவிலிருந்து வந்த பல் டாக்டர். அவருக்கு மீனின் பல்லைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

சாம்பசி ஆற்றின் குறுகிய வாய்க்கால்களில் இன்ஜினை அணைத்துவிட்டு மிதக்கும்போது, துடுப்பால் படகின் விளிம்பைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். அடியில் கிடக்கும் நீர்யானை தலையை நீட்டி, தான் இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். நாம் ஒதுங்கிப் போகலாம். சோற்றை மறந்தாலும் படகோட்டி இதை மறக்க மாட்டான். சோக்கோ மறந்தான். முகாமில் படகுகளுக்குப் பொறுப்பான கசுபா எப்படிக் குரங்குக் கறி சமைப்பாள் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். கதை சூடு பிடித்த நேரம் படகு மேலே எழும்பிக் கவிழ்ந்தது.

பிடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது காப்புக்காட்டின் சட்டம். அன்று தூண்டில், செருப்பு, படகு எல்லாவற்றையும் விட்டார்கள். சோக்கோ டாக்டரின் காலரைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினான். யானைகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு நடந்து முகாமுக்கு வரும்போது டாக்டர் கேட்டார்: "அந்தக் குரங்குக் கறி கடைசியில என்னாச்சு?"

கசுபா கரையில் நின்றிருந்தாள்.

"எனக்கு இனிமே படகு உண்டா, இல்லையா?" என்றான் சோக்கோ.

"நீர்யானை உன்னை ஏன் கடிக்காம விட்டுச்சு தெரியுமா? எலி நாத்தம் தாங்கல."

சோக்கோ ங்கோனி இனத்தவன், அவர்கள் எலி தின்கிறவர்கள். கசுபா பெம்பா, அவர்கள் குரங்கு தின்கிறவர்கள். ஒரு காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்ட இரண்டு கூட்டமும் இப்போது வாயால் மட்டும்தான் குத்திக்கொள்ளும். அதற்குக் கோபப்படுகிறவனுக்குத்தான் அவமானம்.

ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து மக்காச்சோளக் களி உருட்டும்போது மறுபடி கேட்டான். "சொல்லேன். நாளைக்குப் படகு உண்டா?"

"சமையல்கட்டுல எலி பிடிக்க ஆள் கேட்டாங்க. சம்பளமா எலியே தருவாங்களாம். போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆற்றைத் தவிர வேறு பிழைப்பு அறியாத சோக்கோ உருட்டிய களியைக் கீழே வைத்தான்.

"விளையாடாத, கசுபா. நேரா பதில் சொல்லு."

பெம்பாக்காரியிடம் ஒரு ங்கோனி சொல்லக்கூடாத வார்த்தை அது. சிரிப்பு அடங்கியது. கசுபா கையைக் கழுவினாள். இன்னும் ஒரே ஒரு எலிக் கிண்டலுக்காக சோக்கோ தன் மாதச் சம்பளத்தையே கொடுத்திருப்பான்.

"தினம் சாயங்காலம் வளைவுல உன் தட்டுச் சத்தம் கேட்டப்புறம்தான் டீக்குத் தண்ணி வைப்பேன். இன்னிக்கு அது கேக்கல. படகு மட்டும் கவுந்து மிதந்து வந்துச்சு. உன் பொணத்தைத் தேட ஆள் கூட்டிக்கிட்டிருந்தேன், சோக்கோ." முதல்முறையாக அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "மழை வர்ற வரைக்கும் உனக்குப் படகு கிடையாது. என் படகுல முன்னாடி உக்காரு. பேசாத. தட்டு."