நூத்திப் பன்னெண்டு

"அது செல்போன் இல்ல சார், என் தங்கச்சியோட உசுரு!"

"இந்தக் காலத்துல எல்லாருக்கும் செல்போன்தான் உசுரு தம்பி. வெளிய வச்சுட்டு வரச் சொல்லு."

"சார், அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்து சுகர். கையில சென்சார் ஒட்டியிருக்கு பாருங்க, அது இந்த போனுக்குத்தான் சுகர் நம்பர் அனுப்பும். ரொம்ப இறங்கினா இதுதான் கத்தும்."

"போன தடவை ஒருத்தன் காதுல மெஷின் வச்சுக்கிட்டு, காது வலி மருந்துன்னான். நான் தலையாட்டினேன். அப்புறம் எனக்குத்தான் மண்டகப்படி."

பரீட்சை ஹால் வாசல்ல பேப்பர் கட்டோட நின்னுக்கிட்டு, அண்ணன்காரனும் பரீட்சைக்குப் பொறுப்பான சீஃப் சாரும் போட்ட இந்தச் சண்டைய முழுசாக் கேட்டுக்கிட்டிருந்தாங்க, ஹால் கண்காணிப்புக்கு வந்த கழுகு மேடம். பசங்க வச்ச பேரு. பிட்டு எந்த மூலையில இருந்தாலும் கண்ணுல பட்டுடும். ஆனா வேலை மட்டும் இன்னும் நிரந்தரமாகல. வருஷா வருஷம் நீட்டிப்பு. ஒரு கரும்புள்ளி விழுந்தா நீட்டிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல.

"சார், போன் என் மேஜைல இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டாங்க. வாய் சும்மா இருக்கல.

சீஃப் சார் முறைச்சாரு. "உங்க பொறுப்பு. ஏதாவது ஆச்சுன்னா உங்க தலைதான் உருளும்."

போன் மேஜைக்கு வந்துச்சு, கூடவே சுகர் இறங்கினா திங்கறதுக்குன்னு அந்தப் பொண்ணு வச்சிருந்த மிட்டாய்ப் பொட்டலமும். மிட்டாயையும் அவ கையில விடல சீஃப் சார், உள்ள என்ன இருக்கோன்னு. கதவைச் சாத்தினாங்க. மேடம் பழக்கப்படி மூலைல இருந்த ஜாமர் ஸ்விட்சைப் போட்டாங்க. பச்சை லைட்டு எரிஞ்சுது. எந்த சிக்னலும் உள்ள வராது, வெளிய போகாது. பரீட்சை ஆரம்பிச்சுது.

மேடம் ஒரு சுத்து சுத்திட்டு வந்து போனைத் தொட்டுப் பாப்பாங்க. நூத்திப் பன்னெண்டு. நல்லா இருக்கு. இன்னொரு சுத்து. நூத்திப் பன்னெண்டு. ஆஹா, பொண்ணு கல்லு மாதிரி இருக்கான்னு நினைச்சாங்க. கடைசி பெஞ்சுல ஒருத்தன் பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டு ஃபேனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். பாவம், படிக்காம வந்திருக்கான் போல.

மறுபடியும் பாத்தாங்க. நூத்திப் பன்னெண்டு.

அப்பதான் சுரீர்னுச்சு. மேடத்தோட அப்பாவும் சுகர்காரர்தான். அந்த நம்பர் ஒரு இடத்துல நிக்கவே நிக்காதே! கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டுப் பாத்தா, நம்பருக்குக் கீழ பொடி எழுத்துல 'சிக்னல் இல்லை'ன்னு இருக்கு. அட பாவி மக்கா. போனை உள்ள விட்டோம்னு பெருமைப்பட்டுக்கிட்டு, அதோட வாயை நாமளே ஜாமர் போட்டு அடைச்சிருக்கோம்.

ஓடிப்போய்ப் பாத்தாங்க. பொண்ணு நெத்தியெல்லாம் முத்து முத்தா வேர்வை. எழுதின வரியையே திரும்ப எழுதிக்கிட்டிருக்கா.

"அம்மாடி, இந்தா, மிட்டாய் சாப்பிடு."

"வேணாம் மேடம். நம்பர் எவ்ளோ?"

"அது பழசு. நீ வாயைத் திற."

"மேடம்... தொந்தரவு பண்ணாதீங்க. எழுதணும்." கையைத் தட்டிவிட்டா. மிட்டாய் உருண்டு ஓடுச்சு. கண்ணு எங்கயோ பாக்குது.

சுகர் இறங்கினவங்க அப்படித்தான், பிடிவாதம் பிடிப்பாங்க. மேடம் வாசல்ல இருந்த ஆளைக் கூப்பிட்டு, "சீஃப் சாரை ஓடிப்போய்க் கூட்டிட்டு வா"ன்னாங்க. அவன் ஓடினான். வர்ற வரைக்கும் நிக்கலாமா? மேடம் மூலைக்குப் போனாங்க. பிளக்கைப் பிடுங்கிட்டாங்க. பச்சை லைட்டு செத்துது.

மொத்த ஹாலும் நிமிந்து பாத்துது. ஒண்ணும் நடக்கல. அப்புறம் போன் கத்துச்சு பாருங்க, தீயணைப்பு வண்டி மாதிரி. நாப்பத்தி நாலு.

"நாப்பத்தி நாலும்மா! கேக்குதா?"

அந்தச் சத்தம் பொண்ணுக்குப் பழகின சத்தம். மேடம் நீட்டின பொட்டலத்துக்குக் கை தானா போச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு மிட்டாய். நடுங்கிக்கிட்டே மென்னா.

மேடம் மூச்சு விட்டு நிமிந்தா, கடைசி பெஞ்சு. இவ்ளோ நேரம் தூங்கின பேனா இப்ப குதிரை மாதிரி ஓடுது.

பிளக்கைத் திருப்பிச் சொருகினா அவன் அடங்கிடுவான். ஆனா பொண்ணோட நம்பர் மறுபடி செத்துடும், ஏறுதா இறங்குதான்னே தெரியாது. மேடம் பிளக்கைத் தொடல. நேரா அவன் பக்கத்துல போய் நின்னு கையை நீட்டினாங்க.

"கழட்டு."

"என்ன மேடம்?"

"காதுல இருக்கறதை."

அரிசி அளவு கறுப்பு இயர்போன் ஒண்ணு உள்ளங்கையில விழுந்துது. அந்த நேரம் பாத்துக் கதவைத் திறந்துக்கிட்டு சீஃப் சார் வந்தாரு.

"ஜாமரை யாரு பிடுங்கினது?"

"நான்தான் சார்."

"இது யாருது?"

"இவனோடது சார். நான்தான் பிடிச்சேன்."

அந்தப் பையன் எழுந்து நின்னான். பயந்த பூனை மூஞ்சி. "சார், மேடம் ஜாமரை அணைச்சாங்க. அதனாலதான் கேட்டுச்சு. வேற எப்படி சார் கேக்கும்?"

பொய்யே இல்லாத பேச்சு. அதான் வேதனை. சீஃப் சார் மேடத்தைப் பாத்த பார்வையில, 'எவ்ளோ வாங்கினே'ன்னு எழுதியிருந்துது.

பொண்ணு பரீட்சையை முடிச்சா. நல்லா இருக்கா. அவ அண்ணன் யார்கிட்ட வேணும்னாலும் வந்து சாட்சி சொல்றேன்னு நிக்கறான். ஆனா விசாரணைத் தாள்ல ரெண்டே வரிதான்: கண்காணிப்பாளர் ஜாமரை அணைத்தார், அதன்பின் கருவி பயன்படுத்தப்பட்டது. மிட்டாய் அதுல இல்ல. நாப்பத்தி நாலு அதுல இல்ல. திங்கக்கிழமை மேடத்தைக் கூப்பிட்டிருக்காங்க.

படிச்சவங்க சும்மா போகாதீங்க. விசாரணை மேஜைக்கு அந்தப் பக்கம் நீங்க உக்காந்திருந்தா மேடத்துக்கு என்ன தீர்ப்பு எழுதுவீங்க? உங்க காலேஜ்ல இந்தப் பொண்ணு மாதிரி சுகர் இருக்கிற பசங்களுக்கு ஜாமர் இருக்கிற ஹால்ல என்ன ஏற்பாடு பண்றாங்க? தெரிஞ்சதைக் கீழ பதில் போடுங்க, ஒரு வரியா இருந்தாலும் சரி.