மேடைக்கு ஒரு வெளிச்சம்

பட்டமளிப்பு மேடையின் ஓரத்தில், ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி இஸ்தி படமெடுத்துக்கொண்டிருந்தாள். பெயர் வாசிக்கப்படும். கறுப்பு அங்கி ஒன்று வரும். துணைவேந்தர் கைகுலுக்கிச் சான்றிதழைக் கொடுப்பார். அதற்குள் அடுத்த பெயர். ஒருவரை இவள் எடுத்தால், அடுத்தவரை எதிர் ஓரத்திலிருந்து இன்னொரு படக்காரரான பார்த்தோ எடுப்பார். எந்த ஃபிளாஷும் அந்த வேகத்தில் எல்லாருக்கும் ஈடுகொடுக்காது என்பதால்தான் காண்டிராக்டர் சுகேங் மேடைக்கு இரண்டு பேரை வைத்திருந்தார்.

மதியத்துக்கு மேல் அவளுடைய பழைய ஃபிளாஷ் தளர்ந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் கேமரா மட்டும் கிளிக்கென்றது, வெளிச்சம் வரவில்லை. செல்களை மாற்றினாள். நாலைந்து பேருக்குத் தாக்குப்பிடித்து மறுபடி படுத்துக்கொண்டது.

சாயங்காலம் சுகேங் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இதப் பாரு. நாலு வருசம் படிச்ச பொண்ணு. படத்துல பல்லு மட்டுந்தான் தெரியுது. அவ அப்பன் காசு குடுப்பானா?"

"ஃபிளாஷ் சூடாயிடுச்சு சார்."

"உன் சாமான், உன் பொறுப்பு. சனிக்கிழம ஒழுங்கான ஃபிளாஷோட வா. இல்லன்னா வராத."

மறுநாள் பார்த்தோவைக் கூட்டிக்கொண்டு சுராபாயா நகரக் கடைத்தெருவுக்குப் போனாள். கடைக்காரர் லியெம் கண்ணாடி மேசைமேல் மூன்று ஃபிளாஷ்களை எடுத்து வைத்தார். பெரியதை முன்னால் நகர்த்தினார்.

"பெரிய கம்பெனி. கல்யாணத்துக்குப் போறவங்க எல்லாம் இததான் கேக்குறாங்க."

"கல்யாணத்துல மாப்பிள்ள நிப்பாரு. என் ஆளுங்க நிக்க மாட்டாங்களே. அடிச்சுப் பாக்கணும்."

"பாரும்மா. யாரு வேணாங்குறா?"

வாசல் காவலர் முனீப்பைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினாள். பார்த்தோ மூலையிலிருந்து நடந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போக வேண்டும். உடனே சுற்றி வந்து மறுபடியும் குலுக்க வேண்டும்.

"என்ன படிச்சிருக்கீங்க தம்பி?" முனீப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்.

"நடக்குறதுதான் படிச்சேன். சீக்கிரம் கைய விடுங்க துணைவேந்தரே, பின்னாடி ஆள் நிக்குது."

பெரிய ஃபிளாஷ் கண்ணைக் கூசவைத்தது. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே பார்த்தோவின் நடைக்குப் பின்தங்கியது. இரண்டாவது, விலை மலிவு. விடாமல் அடித்துவிட்டுத் திடீரென்று நின்றுபோனது.

"ரொம்ப சூடானா தானா நின்னுக்கும். பாதுகாப்புக்குத்தான்," என்றார் லியெம்.

"ஃபிளாஷுக்குப் பாதுகாப்பு. எனக்கு?"

மூன்றாவதில் பென்சில் செல் கிடையாது. ஃபோனில் இருப்பதுபோலத் தட்டை பேட்டரி. இஸ்தி அதன் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தாள். குறைந்ததை ஈடுகட்டக் கேமராவின் ஒளி உணர்திறனை ஏற்றிக்கொண்டாள். பார்த்தோ நடந்தார். சட்டை முதுகோடு ஒட்டும்வரை நடந்தார். முனீப்பின் கைதான் முதலில் ஓய்ந்தது. ஃபிளாஷின் முதுகில் 'தயார்' விளக்கு ஒருமுறைகூட அணைந்து நிற்கவில்லை.

"பெருசு அளவுக்கு வெளிச்சம் தூரம் போகாதும்மா," என்றார் லியெம்.

"நான் கிட்டத்துலதான நிக்கிறேன். தூரம் போக வேணாம்ணே, கூப்பிட்டப்ப வந்தாப் போதும்."

முகப்படங்களுக்கென்று வைத்திருந்த லென்சைப் பையிலிருந்து எடுத்து, ஃபிளாஷின் விலைக்கு ஈடாக மேசைமேல் வைத்தாள்.

"அதையா குடுக்குற?" என்றார் பார்த்தோ.

"மேடையில நின்னாத்தான் சோறுண்ணே."

சனிக்கிழமை ஒரு படம்கூடத் தவறவில்லை. சுகேங் அவள் பின்னால் வந்து குந்தினார். "பார்த்தோ முறையையும் சேத்து எடு. என்னதான் வருதுன்னு பாப்போம்." எடுத்தாள். ஒருவர் விடாமல் எல்லாரும் படத்தில் விழுந்தார்கள். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் எழுந்து போனார்.

சாமான்களைக் கட்டும்போது சொன்னார்: "நாளையிலேருந்து மேடைக்கு ஒரு ஆள் போதும்."

இஸ்தியின் கை நின்றது. "அப்ப பார்த்தோ அண்ணன்?"

"நான் என்ன பண்றது? ரெண்டு பேர் வேலைய உன் ஃபிளாஷே செய்யுதே."

"அப்ப ரெண்டு பேர் கூலியக் குடுங்க."

"ஃபிளாஷுக்கெல்லாம் கூலியா?" சுகேங் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "நடந்து நடந்து இத எடுத்துக் குடுத்தது அவரு. அவர வெளிய நிறுத்திட்டு நான் மட்டும் ஏற மாட்டேன். காலையில நான், மத்தியானத்துக்கு மேல அவரு. ரெண்டு பேர் கேமராவுக்கும் இது பொருந்தும்."

"எப்படியோ பண்ணிக்குங்க. எனக்கு ஒரு ஆள்தான்."

வெளியே வந்ததும் பார்த்தோ மெதுவாகச் சொன்னார்: "எனக்காக உன் கூலி பாதியாக வேணாம்மா. நான் வேற எங்கயாவது பாத்துக்குறேன்."

"எங்க பாப்பீங்க? எல்லா மேடையிலயும் இதேதான் சொல்லப்போறானுங்க. பேசாம நாளைக்கு வந்து சேருங்கண்ணே."

அவர் வந்தார். மதிய இடைவேளையில் இஸ்தி தன் கேமராவிலிருந்து ஃபிளாஷைக் கழற்றி அவருடைய கேமராவில் செருகினாள்.

"பாத்துப் பிடிங்க, சுடுது."

பார்த்தோ திரையை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனார். சாப்பாடு கொடுக்கும் ஆள், மேடைப் படக்காரருக்கு என்று ஒரே ஒரு பொட்டலத்தை நாற்காலிமேல் வைத்துவிட்டு நகர்ந்தான். இஸ்தி தரையில் உட்கார்ந்து பிரித்தாள். சோற்றின் நடுவே விரலால் கோடு கிழித்தாள். பொரித்த சோயா தெம்பே துண்டுகள் இரண்டில் பெரியதை அந்தப் பக்கம் ஒதுக்கினாள். தன் பங்கைத் தின்று முடித்து, இலையை மடித்து ரப்பர் போட்டுப் பார்த்தோவின் பைமேல் வைத்தாள். உள்ளே பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் திரையின் கீழ்விளிம்பில் வெளிச்சம் வெட்டியது.