பியூட்டிரேட் பற்றி ஹேமலதா பதிந்த வரி

1

இந்தக் கதை ஓர் இணையதளத்தில் தொடங்கியது. மனிதக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள், அவை உண்டாக்கும் வேதிப்பொருட்கள், நோய்கள் என்று மூன்றையும் கோடு போட்டு இணைக்கும் தரவுத்தளம் அது. யாரோ ஒருவர் உட்கார்ந்து இதையெல்லாம் பதிந்திருக்க வேண்டுமே, அவர் வீட்டில் யாருக்காவது வயிற்றில் நோவு வந்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. என் கைமுதல் அவ்வளவுதான்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த ஹேமலதா, பட்டு இழைகளைப் போலவே—’

நிறுத்திவிட்டேன். கதை நடப்பது ஆரணிப் பக்கம்; பட்டுக்குப் பேர்போன ஊர் என்றதும் எழுதும் கை தானாகத் தறிக்கும் இழைக்கும் போய்விடுகிறது. ஹேமலதா தறியில் உட்கார்ந்ததே இல்லை. நுண்ணுயிரியல் படித்தவள். ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் வீட்டு மாடியில் மடிக்கணினியோடு அமர்ந்து, பெங்களூர் ஆய்வு நிறுவனம் ஒன்றுக்காகக் கட்டுரைகளைப் படித்து, அவற்றின் முடிவுகளைத் தளத்தில் பதிகிறாள். ஒவ்வொரு பதிவின் கீழும் பதிந்தவர் பெயர் இருக்கும்.

2

அவளுடைய அக்கா தேவகி, ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். (முதலில் அவளை ஒன்றும் தெரியாதவளாக எழுதினேன். கதை சுலபமாக ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்து கிழித்துப் போட்டேன். தேவகி பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவள்.) அவளுக்குப் பெருங்குடலில் புண். வேலூர் மருத்துவர் மாத்திரை கொடுத்து, ஆயுசுக்கும் விடக்கூடாது என்றிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேமலதா கடைக்குப் போனபோது, தேவகி பாதி தைத்த ஜாக்கெட் கையை மெஷினிலேயே விட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். வந்து உட்கார்ந்தவள் மறுபடியும் ஓடினாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“இன்னாக்கா, மறுபடியும் ரத்தம் போவுதா?”

“மாத்திரைய பொங்கலோட நிறுத்திட்டேன்.”

“நிறுத்திட்டியா? யார் சொன்னது?”

“நீதான்.”

தேவகி கைப்பேசியை நீட்டினாள். திரையில் அரைகுறைத் தமிழ் மொழிபெயர்ப்பில் அந்தத் தளம். பியூட்டிரேட்: குடல் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது, குடல் சுவருக்கு நன்மை செய்வது. பெருங்குடல் புண் உள்ளவர்களிடம் குறைவு. பதிந்தவர்: ஹேமலதா.

“அது கம்மியானதாலதான் நோவுன்னு போட்டுகீற. அதையே மாத்திரையா விக்கிறாங்க, வாங்கிப் போட்டுகினு இருக்கேன். நீ போட்டது தப்பா இருக்குமா?”

“அதாலதான்னு நான் போடலக்கா. நோவு இருக்கிறவங்ககிட்ட அது கம்மியா இருந்துச்சுன்னுதான் போட்டேன். அது கம்மியானதால நோவு வந்துச்சா, நோவு வந்ததால அது கம்மியாச்சான்னு கட்டுரை எழுதினவங்களுக்கே தெரியல.”

“அப்ப தெரியலன்றதயும் போட்டிருக்கலாம் இல்ல?”

(இந்த இடத்தில் ஹேமலதாவுக்கு நல்ல பதிலாக ஒன்று எழுதித்தரப் பார்த்தேன். வரவில்லை. தெரியாததைப் பதிய அந்தத் தளத்தில் இடமே ஒதுக்கவில்லை என்பது உண்மை. அதைச் சொல்வதற்குப் பதில் அவள் கைப்பேசியை வாங்கித் தன் பதிவை மறுபடி படித்தாள்.)

“ஆயுசுக்கும்னாருடி அவரு.” தேவகியின் குரல் இறங்கியது. “பயமா இருந்துச்சு.”

“எழுந்திரு அக்கா. ஜல்தி. வேலூர் போலாம்.”

3

மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். அக்காவுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருக்க, ஹேமலதா கட்டிலோரம் உட்கார்ந்து தன் பதிவைத் திறந்தாள்.

‘ஹேமலதா அதை அழித்தாள்’ என்று எழுதினேன். பிறகு அந்த வாக்கியத்தைத்தான் அழித்தேன். கட்டுரை பொய் சொல்லவில்லை. அவளும் பொய்யாகப் பதியவில்லை. அவள் குழுத் தலைவி அகல்யாவைக் கைப்பேசியில் அழைத்தாள்.

“பதிவு சரியாத்தானே இருக்கு, ஹேமா? ஏன் எடுக்கணும்?”

“எடுக்க வேணாங்க. கீழ ஒரு வரி சேக்கணும். எல்லாப் பதிவுக்கும்.”

“எல்லாத்துக்குமா? ஆயிரக்கணக்குல இருக்கே.”

“நான் பதிஞ்சதுல இருந்து ஆரம்பிக்கிறேங்க.”

அவள் சேர்த்தது இது: ‘இரண்டும் சேர்ந்து காணப்பட்டன. எது எதற்குக் காரணம் என்று தெரியவில்லை. இதைப் பார்த்து மருந்தை நிறுத்தாதீர்கள்.’

கடைசி வாக்கியம் தரவுத்தளத்தின் நடைக்குப் பொருந்தவில்லைதான். அகல்யா அதை எடுக்கச் சொல்லவில்லை.

4

ரத்தம் மெல்ல நின்றது. பழைய மாத்திரையோடு தேவகியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆரணி பஸ் கண்ணமங்கலம் தாண்டியதும், ஜன்னலோரம் சாய்ந்திருந்தவள் திரும்பினாள்.

“நெஜத்த சொல்லு. நான் நிறுத்தாம இருந்திருந்தா இது வந்திருக்காது இல்ல?”

மூன்று பதில்களை எழுதிப் பார்த்தேன்.

‘வந்திருக்காதுக்கா.’ இனி மாத்திரையை விடமாட்டாள். ஆனால் பழி முழுவதும் அவள் தலையில் விழும்.

‘எப்படியும் வந்திருக்கும்க்கா.’ ஆறுதல்தான். நாளைக்கே மறுபடி நிறுத்திவிட்டால்?

‘போட்டுகினு இருந்தா வர்றது கம்மி. ஆனா வந்தே இருக்காதுன்னு சொல்ல முடியாது.’ உண்மைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது இதுதான். இதை உடம்பு தேறாத ஒருத்தியிடம் எந்தக் குரலில் சொல்வது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஹேமலதா அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அக்கா…”

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. தேவகியை எனக்கு இந்தச் சில பக்கங்களாகத்தான் தெரியும். உங்களுக்கு ஓர் அக்கா இருந்தால் அந்த மூன்றாவது பதிலை நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். தேவகி பதிலுக்காகத் தங்கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஆரணி வர இன்னும் நேரம் இருக்கிறது.