கட்டைவிரல் இருந்த இடம்

மூன்றாவது தாளுக்கு ஸெலி இஸ்திரி இரும்பை மாற்றினாள். அடுப்பைச் சுற்றி எட்டு இரும்புகள் சாய்ந்து நின்று சூடேறிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து, கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பன்னிரண்டு வயதில் இந்த வேலைக்கு வந்தவள், இப்போது முப்பத்திநாலு. விரல் நுனியில் தோல் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை, எல்லாம் காய்ப்பு. கொதிக்கிற இரும்பைத் தொட்டால்கூடச் சற்றுப் பொறுத்துத்தான் உறைக்கும். அதனால் இஸ்திரி போடும் பெண்கள் எல்லோரும் சூட்டைக் கன்னத்திடம்தான் கேட்டுக்கொள்வார்கள்.

கிண்ணத்திலிருந்து தண்ணீர் தொட்டுத் தாளின்மேல் தெளித்தாள். இடது கையால் மேல் மூலையைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை ஓரத்தோடு படுக்கவைத்து, வலது கையால் அழுத்தித் தேய்த்தாள். தாள் சீறியது. சொறி பிடித்த மாதிரி மேலெல்லாம் பொரிப் பொரியாக எழும்பியிருந்த காகிதம், இரும்பு போன வழியே பலகை போலப் படிந்தது. கையில் அகப்பட்ட மூலை மட்டும் தப்பித்துக்கொண்டது. சட்டையாக இருந்தால் திருப்பிப் போட்டு அதையும் தேய்த்திருப்பாள். காகிதம்தானே என்று விட்டுவிட்டாள்.

மாடியில் அவள் தம்பி ஃபிர்மேன் வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தான். நேற்று விடிகாலையில் உயிர் போனது. இருபத்தெட்டு வயது. பத்து மணிக்குப் பெட்டி தூக்குகிறவர்கள் வருவார்கள்.

மதாம் லெரூ காப்பிக் கோப்பையோடு படியிறங்கி வந்தாள். பக்கத்து வீட்டில் கரி விற்கிறவள். தெருவில் யார் செத்தாலும் முதல் நாற்காலி அவளுக்குத்தான்.

"செத்தவன் மேல கெடக்கான், நீ இங்க இஸ்திரி போட்டுக்கிட்டிருக்க. தெரு என்ன பேசும்?"

"தெருவுக்கு நாளைக்குச் சட்டை வேணும்ல. அதை வாங்கிட்டுப் போறப்ப ஒண்ணும் பேசாது."

"காகிதத்துக்கெல்லாமா இஸ்திரி?"

"அடுத்தவங்க பொருள். அவனோட படிச்ச கஸ்பார் வர்றான். அவன்கிட்ட குடுத்துடச் சொல்லிட்டுத்தான் தம்பி போனான். கசங்கினதை எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

முந்தாநாள் மாலை ஃபிர்மேன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். காசநோய் தொண்டைக்கு ஏறி, இரண்டு மாதமாகவே அவனுக்குக் குரல் இல்லை. காதை உதட்டில் வைத்தால்தான் கேட்கும். "மெத்தைக்கு அடியில காகிதம். கஸ்பார் வருவான். குடு" என்றான். அதற்கு மேல் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது இருமல் வந்துவிட்டது. இருமல் நின்றதும் தூங்கிப்போனான். அந்தச் சொற்களே கடைசி.

ஐந்து தாள்கள். தடித்த, விலை கூடிய காகிதம். மையில் ஒரு கோடுகூட இல்லை. கீழே நாள் முழுக்க எழும்பும் நீராவியும் அவன் வியர்வையும் சேர்ந்து ஊறவைத்திருக்கும், அதுதான் பொரிந்துபோயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கண் தெரியாதவர்கள் படிக்கும் புத்தகம் அவளுக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தடவை அவன் கொண்டுவந்திருந்தான். தலையணை கனம், பக்கத்துக்கு நாலு வரி, விரல் பருமனில் புடைத்து நிற்கும் எழுத்துகள். அவளே கண்ணால் படித்துவிட்டாள். இதில் அப்படி ஒன்றும் இல்லை.

ஐந்தாவது தாளையும் முடித்து, ஓரம் தட்டிச் சேர்த்து அடுக்கினாள். அழகாக இருந்தது. அவள் வேலை எப்போதும் சுத்தம்.

அழுகை மட்டும் வரவில்லை. தம்பி செத்ததற்கு அழுவதற்கு முன்னால் வேறொன்று குறுக்கே வந்து நின்றது. அவளுக்குப் பத்து வயது, அவனுக்கு நாலு. பியேவ்ர் ஓடைக்கரையில் அம்மா துணி வெளுத்துக்கொண்டிருந்தாள். துணி வெளுக்கக் கொதித்துக்கொண்டிருந்த காரத்தண்ணீரை அடுப்பிலிருந்து தூக்கிவரச் சொன்னாள். ஸெலி புதுச் சிவப்புக் காலுறை போட்டிருந்தாள். அதையே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தாள். எதிரே ஓடிவந்த பிள்ளையைப் பார்க்கவில்லை, தண்ணீர் அவன் முகத்தில் கொட்டியது. அவ்வளவுதான்.

"யாராவது கேட்டா அம்மை போட்டுச்சுன்னு சொல்லு" என்றாள் அம்மா. ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஊர் நம்பியது. ஃபிர்மேனுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். ஆறு வருடம் முன்பு அம்மா அந்தப் பொய்யோடு மண்ணுக்குள் போய்விட்டாள். அதற்கப்புறம் எத்தனையோ சாயங்காலம் ஸெலி அவன் எதிரில் உட்கார்ந்து, "டேய், உன் கண்ணு விஷயமா ஒண்ணு" என்று ஆரம்பித்திருக்கிறாள். "அக்கா, சூப் ஆறுது" என்பான். தெரிந்துதான் பேச்சை மாற்றினானா, பசியில் சொன்னானா? அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்ற இந்த ஒரு கேள்விதான் இருபத்திநாலு வருடமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. தெரிந்தால் அவன் திட்டட்டும், அடிக்கட்டும், முகத்தில் காறித் துப்பட்டும். ஏதாவது ஒன்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும் என்று இருந்தாள். இனி அது வராது.

கதவை யாரோ கைத்தடியால் தட்டினார்கள்.

கஸ்பார் நெட்டையாக, கோட்டுப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டிக்கொண்டு நின்றான். ஃபிர்மேனோடு ஒரே பெஞ்சில் பதினோரு வருடம் படித்தவன். இருவரும் சேர்ந்துதான் வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுதி சேர்த்தார்கள்.

"ஸெலி அக்காதானே? கஞ்சி வாசனை நாலு வீடு தள்ளியே வந்துடுச்சு. படி பதினாலு, ஏழாவது ஆடும், சரியா?"

"அவன் சொன்னானா?"

"இந்த வீட்டுல எனக்குத் தெரியாத இடமே இல்லக்கா. வந்ததுதான் இல்ல."

மூவரும் மாடிக்கு ஏறினார்கள். சாவு வீட்டு வழக்கப்படி அங்கே கடிகாரத்தை நிறுத்தியிருந்தார்கள். கட்டில் பக்கத்தில் மந்திரித்த தண்ணீரும் அதில் ஒரு பச்சைக் கிளையும் இருந்தன. கஸ்பார் கிளையைத் தேடி எடுத்து மூன்று முறை தெளித்தான். பிறகு ஃபிர்மேனின் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை தடவிப் பார்த்தான். காதோரம் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டான். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"எனக்குக் குடுக்கச் சொல்லி ஏதாவது..."

"அந்தக் காகிதம்தானே. எடுத்து வெச்சிருக்கேன்." இடுப்பில் கட்டிய முன்துணிக்குள் செருகி வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள். "ஈரத்துல பொரிஞ்சு கெடந்துச்சு. ஒரு சுருக்கம் இல்லாம பண்ணிட்டேன் தம்பி. புதுக் காகிதம் மாதிரி ஆயிடுச்சு."

கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்தான். இரண்டு ஆட்காட்டி விரல்களும் தாளின் நடுவில் இறங்கின. இடமும் வலமும் போயின. கீழே போயின. மறுபடி மேலே வந்தன. தாளைத் திருப்பிப் பின்பக்கம் தடவினான். அடுத்த தாள். அதற்கடுத்தது. அவன் முகத்தில் நிறம் வடிவதை ஸெலி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பண்ணீங்க இதை?"

"இஸ்திரி போட்டேன்."

அவன் தாள்களை மறுபடி ஒன்றாக அடுக்கினான். மதாம் லெரூ கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"அது எழுத்துக்கா" என்றான் கடைசியில்.

"இதுலயா? இதுல எங்க எழுத்து?"

"பொரிஞ்சிருந்துச்சுன்னு சொன்னீங்களே, அதுதான். புள்ளி. எங்க பள்ளிக்கூடத்துல படிச்ச ஒருத்தர் கண்டுபிடிச்சது, பதினஞ்சு வயசுல. ஆறு புள்ளிக்குள்ள எல்லா எழுத்தும் அடங்கிடும். விரலுக்கு அடியில ஒண்ணு முழுசா நிக்கும். பேசற வேகத்துல படிக்கலாம், ஊசியால குத்தி நாங்களே எழுதவும் செய்யலாம். பெரியவங்களுக்குப் பிடிக்கல. கண்ணு உள்ளவங்க படிக்க முடியாத எழுத்து என்ன எழுத்துன்னு பிடுங்கிப் போட்டாங்க. நாங்க படுக்கைக்கு அடியில ஒளிச்சு வெச்சு எழுதினோம். அவனுக்கு அந்தப் பழக்கம் வீட்டுலயும் போகல."

ஸெலிக்குக் கூரைப் பலகையில் கேட்ட டொக் டொக் சத்தம் நினைவுக்கு வந்தது. கீழே தேய்த்துக்கொண்டிருக்கும்போது பகலெல்லாம் கேட்கும். என்னடா அது என்று ஒரு நாள் கேட்டதற்கு, "விரல் சும்மா இருக்க மாட்டேங்குது அக்கா" என்று காதில் சொன்னான்.

"சரி. உனக்கு என்ன எழுதியிருந்தான்?"

"எனக்கு இல்லக்கா. உங்களுக்கு." கஸ்பாரின் குரல் உடைந்தது. "போன மாசம் ஒரு துண்டுத் தாள் அனுப்பியிருந்தான். அக்காவுக்கு ஒண்ணு சொல்லணும், வாயால சொல்ல என்னால ஆகல, எழுதறேன். நான் போனதுக்கு அப்புறம் நீ வந்து படிச்சுக் காட்டணும்னு. அதுக்குத்தான் வந்தேன்."

ஸெலி அவன் மடியிலிருந்து தாள்களைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், தூக்கிப் பார்த்தாள், கண்ணருகே வைத்துப் பார்த்தாள். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. தண்ணீர் தெளித்து, நல்ல சூட்டில், உடம்பின் கனத்தையெல்லாம் கொடுத்துத் தேய்த்திருக்கிறாள். அவள் தேய்த்த துணியில் இதுவரை யாரும் ஒரு சுருக்கம் கண்டுபிடித்ததில்லை. இன்றைக்காவது ஒரு நாள் கை கொஞ்சம் சோம்பியிருக்கக் கூடாதா?

இந்தக் கையால் அவன் கண்ணைப் பறித்தாள். இப்போது வாயையும். இதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"குடுங்க அக்கா. ஓரத்தைப் பாக்கறேன்."

அவன் மறுபடி தாளை வாங்கி விளிம்போடு விரலை ஓட்டினான். இடது மேல் மூலைக்கு வந்ததும் விரல் நின்றது. அங்கேயே முன்னும் பின்னும் அசைந்தது.

"இங்க இருக்கு. ஒரு வார்த்தை."

ஸெலி தன் இடது கட்டைவிரலைப் பார்த்தாள்.

"அஞ்சுலயும் இருக்கும்" என்றாள். "அங்கதான் பிடிச்சிருந்தேன்."

"முதல் தாள். 'அக்கா'. அப்புறம் இல்ல." தாளை மாற்றினான். "ரெண்டாவது. 'அம்மை'."

மதாம் லெரூ சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆமா பாவம், சின்னதுல அம்மை போட்டுத்தானே கண்ணு போச்சு" என்றாள்.

ஸெலி கட்டிலின் கால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "மேல படி."

"மூணாவது..." கஸ்பார் இரண்டு தடவை தடவினான். "'காரத்தண்ணி'."

அவனுக்கு அது வெறும் வார்த்தை. அடுத்த தாளுக்குப் போனான். "நாலாவது. 'சிவப்பு'. இது என்னன்னு புரியல. அவன் நிறம் பத்திப் பேசி நான் கேட்டதே இல்ல."

அவன் பார்த்திருக்கிறான். கடைசியாக அவன் கண்ணில் பட்டது அவள் காலுறை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் சூப் ஆறுகிறது என்றான். எல்லாம் தெரிந்துகொண்டுதான் தினமும் அவள் கையைப் பிடித்துத் தெருவில் நடந்தான். இத்தனை வருடம் வேண்டியது பாதி கிடைத்துவிட்டது. இன்னும் ஒரு தாள் இருக்கிறது.

கீழே கதவு திறந்தது. பூட்ஸ் சத்தம் படியேறியது. ஏழாவது படி நாலு முறை முனகியது.

"அஞ்சாவது" என்றான் கஸ்பார். "'உன்னை'."

"உன்னை?"

"உன்னை."

"அப்புறம்?"

விரல் மூலையைத் தாண்டி வெள்ளையில் வழுக்கிக்கொண்டு போய், கடைசி ஓரத்தில் நின்றது. "அவ்வளவுதான் அக்கா."

"நல்லா பாரு. ஒரு புள்ளியாவது இருக்கும்."

"பாத்துட்டேன்."

பெட்டி தூக்குகிறவர்கள் தொப்பியைக் கழற்றி வாசலில் நின்றார்கள். கஸ்பார் எழுந்து அவள் குரல் வந்த பக்கம் கையை நீட்டினான். "அக்கா, அவனை எனக்குத் தெரியும். அவன் என்ன எழுதியிருப்பான்னு நான் சொல்ல முடியும். உங்களைப் பத்தி ஒரு நாளும் அவன் தப்பா..."

"வேண்டாம் தம்பி."

"அவன் மனசு..."

"அது நீ சொல்றது. அவன் சொன்னது இல்ல."

கஸ்பார் கையை மடக்கிக்கொண்டான். ஆட்கள் ஃபிர்மேனைத் துணியோடு தூக்கிப் பெட்டியில் இறக்கினார்கள். பெரிய கனமில்லை. மூத்தவன் சுத்தியலை இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, "மூடலாமா மதாம்?" என்று கேட்டான்.

ஸெலி தலையசைத்தாள்.

நாற்காலிமேல் ஐந்தாவது தாள் கிடந்தது. எடுத்தாள். மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். காய்ப்புக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆட்காட்டி விரலை வைத்துப் பார்த்தாள், அதற்கும் தெரியவில்லை. பிறகு தாளைத் தூக்கி, சூடு பார்க்கிற மாதிரி, கன்னத்துக்குக் கொண்டுபோனாள். இந்தத் தடவை இடைவெளி விடவில்லை.

அங்கே இருந்தன. சின்னச் சின்னதாக, ஒரு வார்த்தை அளவுக்கு.

முதல் ஆணி இறங்கியது. அவள் தாளை எடுக்காமல் அப்படியே நின்றாள்.