மஞ்சள் அட்டையில் ஒரு பெயர்

என் மச்சான் இராமலிங்கம் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனிமேல் அவரைப் பற்றி நான் சொல்லப்போவதில் நல்லது கொஞ்சம்தான் இருக்கும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதி. ஒரு சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நல்ல மனுஷன் மேல் பொறாமைப்படுவது பெரிய தொல்லை. வயிறும் எரியும், வெளியிலும் சொல்ல முடியாது.

நான் பெங்களூரில் ஏழு வருஷம் சென்ட்ரிங் வேலை பார்த்தேன். கார்த்திகை தீபத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை ஊருக்கு வருவேன். என் பெண் அபிநயா பிறந்த சேதி வந்தபோது ஆறாவது மாடியில் பலகை அடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் காது குத்தும்போது எப்படியோ லீவு வாங்கி வந்துவிட்டேன். ஆனால் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அதுதான் முறை. அழுதவளை மச்சான் அணைத்துக்கொண்டார், நான் வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டு நின்றேன். முறைப்படி நடந்ததற்குக் கோபப்பட முடியாதுதான். எனக்குக் கோபம் வந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் சாரத்திலிருந்து விழுந்து இடது முட்டி பெயர்ந்தது. அத்தோடு பெங்களூருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து, ரமணாசிரமத்துக்குப் பக்கத்து ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தேன். குடியிருந்தது அடி அண்ணாமலையில், மச்சான் வீட்டில். என் மனைவி கஸ்தூரியும் அபிநயாவும் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தார்கள். மச்சானுக்குக் குழந்தை கிடையாது. கிரிவலப் பாதையில் பஞ்சர் கடை வைத்திருந்தார்.

அபிநயாவுக்கு அப்போது ஏழு வயசு. காலையில் சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி மச்சானிடம் போவாள். டியூபில் ஓட்டை தேடித் தேடிக் கறுத்துப்போன விரல்கள் அவருக்கு. அந்த விரல்களால் வகிடு கோணாமல் இரட்டைச் சடை பின்னுவார். நான் ஒருநாள் பின்னினேன். "வலிக்குதுப்பா" என்றுகூட அவள் சொல்லவில்லை. பொறுமையாக உட்கார்ந்திருந்து, நான் முடித்ததும் வெளியே போய், அவிழ்த்து மாமாவிடம் மறுபடி பின்னிக்கொண்டு வந்தாள். விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதை அது. ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு தொண்டு அமைப்பு பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியது. அதில் மாசத்தில் இரண்டாவது ஞாயிறு அப்பாமார் கூட்டம். எங்கள் பக்கத்து ஆண்கள் பாதிப்பேர் பெங்களூரிலும் திருப்பூரிலும் கிடந்ததால், பிள்ளைகள் அப்பாவை மறந்துவிடக் கூடாது என்று ஆரம்பித்தார்களாம். அப்பா வெளியூரில் இருந்தால் அந்த இடத்தில் இருக்கிற மாமாவோ சித்தப்பாவோ வரலாம். நோட்டைப் பார்ப்பது, கதை சொல்வது, பிள்ளையோடு சேர்ந்து சமைப்பது என்று ஏதாவது ஒன்று நடக்கும். ஒவ்வொரு பிள்ளை கழுத்திலும் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். அதில் பிள்ளையின் பெயர், கீழே 'உடன் வருபவர்' என்று ஒரு பெயர்.

அபிநயாவின் அட்டையில் 'இராமலிங்கம்' என்று இருந்தது.

ஊருக்கு வந்த பிறகு முதல் கூட்டத்துக்கு நானும் போனேன். கூட்டத்தை நடத்தும் அன்புச்செல்வியிடம் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"மேடம், அப்பா நான் வந்துட்டேன். அட்டைல பேர மாத்திடுங்க."

அந்தப் பெண் மச்சானைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "ரெண்டு பேருமே வாங்கண்ணா, தப்பில்ல. அட்டைல ஒரு பேருக்குத்தான் எடம். அத பாப்பாவே சொல்லட்டும். தை மாசம் எல்லாரும் புள்ளைங்களோட கிரிவலம் போறோம். அது முடிஞ்சி, அடுத்த கூட்டத்துல கேக்கலாம்."

"அதுவும் சரிதான்மா," என்றார் மச்சான். அவர் முகம் ஒரு நிமிஷம் வாடியதை நான் பார்த்தேன். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. மறைப்பானேன்.

அன்றைக்கு எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். பிள்ளையின் நெருங்கிய தோழி யார், எதைக் கண்டால் பயம், எந்தச் சாப்பாடு ஆகாது என்று கேள்விகள். மச்சான் நாக்கைக் கடித்துக்கொண்டு மளமளவென்று எழுதினார். நான் எட்டாவது படித்தவன், என் எழுத்து அவர் எழுத்தைவிட அழகு. ஆனால் எழுத விஷயம் வேண்டுமே. முட்டி வலிக்கிற மாதிரி காலை நீட்டிச் சாய்ந்து, அவர் தாளைப் பார்த்துக் காப்பி அடித்தேன். தோழி, எழில். பயம், பூம்பூம் மாடு. ஆகாதது, கேழ்வரகுக் கூழ். பெற்ற பெண்ணைப் பற்றிப் பக்கத்து ஆளைப் பார்த்து எழுதிய அப்பன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். கடைசிக் கேள்வி, 'உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று.' அங்கே வந்ததும் மச்சான் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினார். வேண்டுமென்று செய்யவில்லை, கூச்சம். அந்தக் கறுத்த கையை முறித்துப்போடலாமா என்று வந்தது எனக்கு. என் தாளில் அந்த இடம் காலியாகவே போனது.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன். பொரி உருண்டை, கலர் பென்சில் என்று வாங்கிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வாள். மாமாவுக்குப் பாதி எடுத்து வைப்பாள்.

"ஏன் இப்டி பேய் புடிச்ச மாதிரி ஓடற?" என்றாள் கஸ்தூரி. "பாப்பா எங்க போயிடப் போவுது?"

"எங்கயும் போவல. எங்கிட்ட வரல, அதான்."

"வரும். நீயும் எங்க அண்ணனும் எலக்சனுக்கா நிக்கறீங்க?"

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அது எலக்சன்தான்.

தை மாசத்து ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரத்தில் செங்கம் ரோட்டிலிருந்து கிளம்பினோம். இருபது முப்பது ஆண்கள், அத்தனை பிள்ளைகள், எல்லாரும் வெறுங்காலோடு. பிள்ளைகள் முடிந்தவரை நடக்கட்டும், களைத்தால் தூக்கிக்கொள்ளுங்கள் என்று அன்புச்செல்வி சொன்னாள். வழியில் வரும் லிங்கக் கோயில்களில் எமலிங்கத்தைத் தாண்டுவதற்குள் அபிநயாவைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டேன். அவள் களைக்கவே இல்லை.

"நான் நடக்கறம்பா. எழிலு நடக்கறா பாரு."

"உனக்கு இன்னாத்துக்குக் கால் வலி? அப்பா இருக்கறன் இல்ல."

மச்சான் பக்கத்திலேயே வந்தார். "மாப்ள, முட்டி தாங்காது. கொஞ்ச தூரம் நான் வாங்கிக்கறேன்."

"ஒண்ணும் வேணாம் மச்சான். நீங்க நடங்க."

அரை மூட்டை சிமெண்ட்டைவிடக் கனம் கம்மிதான், ஆனால் முட்டிக்கு அது தெரியவில்லை. நிருதி லிங்கம் வருவதற்குள் முட்டிக்குள் ஊசி குத்த ஆரம்பித்துவிட்டது. வருண லிங்கம் தாண்டியபோது பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். மற்ற அப்பாமார்கள் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் நடந்தேன். இன்றைக்கு இவளைக் கீழே இறக்காமல் மலையைச் சுற்றிவிட்டால், அடுத்த மாசம் இவள் வாயில் வேறு பெயர் வராது. அதுதான் என் கணக்கு.

அடி அண்ணாமலை நெருங்கும்போது தலைக்கு மேலிருந்து அவள் குரல் வந்தது.

"எறக்கி வுடுப்பா. வூட்டுக்குப் போணும்."

வீடு. அவள் சொன்ன வீடு என் மச்சான் கட்டிய வீடு. அவர் கடை, அவர் தெரு. அங்கே இறக்கிவிட்டால் மாமா கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவாள், நான் நொண்டிக்கொண்டு பின்னால் போக வேண்டும். இத்தனை தூரம் தூக்கி வந்தது இதற்கா?

"கொஞ்ச தூரம்தான் கண்ணு. பேசாம உக்காரு."

"அப்பா, வூட்டுக்குப் போணும்பா."

"மாப்ள, எறக்கி வுடுங்க, பாப்பாவுக்கு..." என்று மச்சான் ஆரம்பித்தார். அவரை முடிக்க விடவில்லை. அவள் இரண்டு கணுக்காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப்போட்டேன். முட்டி போனால் போகட்டும் என்று மச்சானை, கூட்டத்தை, எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்குத் திரும்பும் தெருவையும் தாண்டிவிட்டேன்.

தாண்டி நாலடி வைத்ததும் என் பிடரியில் சூடாக இறங்கியது. சட்டைக்குள் போய் முதுகு வழியாக வேட்டி வரைக்கும் வந்தது.

அவள் அழவில்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தினம் அந்த நேரத்துக்கு ஒன்றுக்குப் போவாள், வீட்டில் மட்டும்தான் போவாள் என்பது மச்சானுக்குத் தெரியும். தகப்பன் எனக்குத் தெரியாது. அவள் இரண்டு தடவை கேட்டாள். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். கூட்டம் வளைவில் வந்துகொண்டிருந்தது. முன்னால் எழில் ஓடிவந்தாள்.

ரோட்டோரத்தில் கிரிவலம் போகிறவர்களுக்காக வைத்த தண்ணீர்த் தொட்டி இருந்தது. அபிநயாவை இறக்கினேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை. தொட்டி மேலிருந்த பிளாஸ்டிக் குவளையை எடுத்து மொண்டு, என் தலையில் ஊற்றினேன். இரண்டாவது குவளை அவள் மேல். மூன்றாவது மறுபடி எனக்கு. தை மாசத்துத் தண்ணீர், உடம்பு தூக்கிப்போட்டது. அவளுக்குப் பல் கிட்டியது. எழில் வந்து சேர்ந்தபோது நாங்கள் இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நின்றோம், எது எந்த ஈரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

மச்சான் ஓடிவந்தார். அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"இன்னா மாப்ள இது? இந்தக் குளுருல கொழந்த மேல தண்ணி ஊத்துவாங்களா? போன மாசந்தான் சளி புடிச்சி எழுந்திரிச்சா. உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"வெயிலு ஜாஸ்தியா இருந்துது மச்சான்," என்றேன்.

வெயில் மலைக்கு இந்தப் பக்கம் இன்னும் இறங்கவே இல்லை. நாலு பேர் சிரித்தார்கள். அன்புச்செல்வி சிரிக்கவில்லை.

"அண்ணா, எறக்கி வுடுன்னு புள்ள கேட்டுது. அப்பவும் வுடல. இப்ப இது வேற. உங்ககிட்ட நான் இத எதிர்பாக்கல."

ஒரே வார்த்தையில் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டேன். அட்டை கைவிட்டுப் போனது அங்கேயே தெரிந்துவிட்டது. மச்சான் தன் துண்டால் அவளைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். அவர் தோளுக்கு மேல் அவள் முகம் என்னையே பார்த்துக்கொண்டு போனது.

மூன்று நாள் காய்ச்சல். கஸ்தூரி வாயில் வந்ததையெல்லாம் திட்டினாள். ஒரு தகப்பனா நீ என்றாள். மச்சான் என்னோடு பேசாமல் கஷாயம் போட்டுக் கொடுத்தார். அதைக் குடிக்கும்போதும் அபிநயா டம்ளர் விளிம்புக்கு மேல் என்னைப் பார்த்தாள். நான் யாரிடமாவது சொல்லிவிடுவேனா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். நான் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் அன்புச்செல்வி எல்லார் எதிரிலும் கேட்டாள்.

"அபிநயா, அட்டைல யார் பேரு இருக்கட்டும்?"

அவள் எழுந்து நின்று பாவாடையைத் திருகினாள். "மாமா பேரே இருக்கட்டும் மிஸ்."

மச்சான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெரிந்த முடிவுதான், ஆனாலும் எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். முட்டி மடங்கி இருந்ததால் உடனே எழ முடியவில்லை. அதற்குள் தாள் கையில் வந்துவிட்டது. அதே கேள்விகள். இந்தத் தடவை யாரையும் பார்க்காமல் எழுதினேன். எழுத எனக்கே கொஞ்சம் இருந்தது.

கடைசிக் கேள்வியில் பேனா நின்றது. அப்போது ஈர உள்ளங்கை ஒன்று என் கை மேல் வந்து விழுந்தது. அபிநயா எப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

"அத எழுதாதப்பா," என்றாள் காதுக்குள்.

"எழுதல கண்ணு."

பக்கத்தில் மச்சான் தன் பேனாவை நிறுத்திவிட்டு என் தாளை எட்டிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்து எழுதிய அதே சாய்வு. என் இடது கையால் அந்த இடத்தை மூடிக்கொண்டேன். அவர் கண் என் கையிலிருந்து அவள் முகத்துக்குப் போனது, அங்கிருந்து மறுபடி என் கைக்கு வந்தது. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷமாக என் கண்ணில் இருந்தது அதுதான்.

"அப்போ ஏன் பாப்பா மாமா பேரச் சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் மச்சான் காதில் விழாதபடி இன்னும் நெருங்கி வந்தாள்.

"மாமாவுக்கு அட்டையாவது இருக்கட்டும்பா," என்றாள்.