கிண்ணத்தில் மஞ்சள்கரு

சாந்தம்மாளை அடக்கம் செய்து, தலைமுழுகி வந்து கூடத்தில் உட்கார்ந்தபோது அங்கே இருந்தவர்கள் இவர்கள்: அவள் அண்ணன் பஞ்சாட்சரம், மகன் அருணகிரி, மகள் செல்லம்மா, செல்லம்மாவைத் தன் மகனுக்குக் கேட்டுப் போளூரிலிருந்து வந்த லட்சுமணன், அவர் தங்கை சுந்தரம்மாள். வேறு யாரும் இல்லை. இல்லாதவர்கள்தான் பிறகு அதிகம் பேசினார்கள்.

விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள் எழவில்லை. சேதி போய்ச் சேருமுன் சம்பந்தம் பேச வந்தவர்கள் பஸ் ஏறிவிட்டிருந்தார்கள். மரியாதைக்கு அடக்கம்வரை இருந்தார்கள். இப்போது சுந்தரம்மாள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கடைசி பஸ்ஸு போய்டப் போவுது. கெளம்பலாம்ண்ணே. மத்தத அப்பறமா பாத்துக்கலாம்."

அந்த 'அப்பறமா'வின் அர்த்தம் பஞ்சாட்சரத்துக்குத் தெரியும். சம்பந்தம் முடிவானால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். நனைக்காமல் இவர்கள் படியிறங்கினால், நல்ல காரியத்தன்று தாயை வாரிக்கொடுத்தவள் என்ற பேர் செல்லம்மாவுக்கு நிற்கும். ஆனால் கெஞ்ச அவருக்கு வராது.

போனமுறை வந்தபோது, "மலைமேல களியத் தவிர இன்னாத்தப் போடுவீங்க?" என்று சுந்தரம்மாள் சிரித்திருந்தாள். சாந்தம்மாள் அன்று வாய் திறக்கவில்லை. காவலூரில் ஓர் ஆபீசர் வீட்டில் சமைத்தபோது கற்றதை நேற்றுக் கையில் எடுத்தாள். முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் பிரித்து, சர்க்கரை தூவித் தூவி, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத நுரையாக அடித்தாள். மணல் பரப்பிய குண்டானில், தணலின் சிறு சூட்டில் வட்டு வட்டாகக் காயவைத்தாள். நடுவே பாலேடு தடவி அடுக்கி, அந்த ஆபீசர் மாற்றலாகும்போது விற்ற பழைய பிரிட்ஜில் உறைய வைத்தாள்.

"நாளைக்கு அந்தம்மா வாய மூடணும்ண்ணே" என்றாள். இடது தோள் வலிக்கிறது என்றும் சொன்னாள். நுரை அடித்த வலி என்று இருவரும் நினைத்தார்கள்.

கூடத்து மின்விசிறி நின்றது.

"கரண்டு போச்சு மாமா" என்றான் அருணகிரி. "உள்ள இருக்கறது உருகிடும். கொட்டிடட்டா?"

"கொட்றதுக்கா ஒங்கம்மா கை நோவ அடிச்சா? எடுத்துனு வா."

சுந்தரம்மாள் எழுந்தேவிட்டாள். "சாவு வூட்ல இனிப்பா? ஊரே காறித் துப்பும்!"

"துப்பட்டும். நான் ஒங்களத் துன்னச் சொல்லலம்மா. பாத்துட்டுப் போங்க."

தட்டு வந்தது. வெள்ளை வெளேரென்று அடுக்கடுக்காக நின்றது. ஓரமெல்லாம் அலை அலையாகச் சுருண்டிருந்தது. உச்சியில் ஊற்றிய மலைத்தேன் வழிந்த இடத்திலேயே உறைந்திருந்தது.

சுந்தரம்மாள் குனிந்து பார்த்தாள். "மிசினு இல்லாமயா செஞ்சாங்க?"

"களி கிண்ட்ற கைதான்" என்றார் பஞ்சாட்சரம்.

லட்சுமணன் தொண்டையைச் செருமினார். "சாவு வூட்ல அடுப்பு மூட்டக் கூடாதுங்களே. எப்ப செஞ்சது?"

"நேத்து. அவ உசுரோட இருக்கறப்ப."

ஓரத்திலிருந்து ஒரு சொட்டு கழன்று தட்டில் விழுந்தது. லட்சுமணன் செம்பை எடுத்து வெளியே போய்க் கை கழுவினார். திரும்பி வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"கொஞ்சம் போடும்மா" என்றார் செல்லம்மாவிடம்.

"அண்ணே!"

"நீயும் உக்காரு சுந்தரம்."

சுந்தரம்மாள் பையைக் கீழே வைத்தாள்.

கத்தி இறங்கியபோது மொறுமொறுவென்று உடையும் சத்தம் கேட்டது. சுந்தரம்மாள் இரண்டாவது முறையும் தட்டை நீட்டினாள். பஞ்சாட்சரம் முதுகை வளைக்காமல் உட்கார்ந்து, தன் பங்கு உருகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டைத் தூக்கிக் குடித்தார்.

பிணத்தை நடுவீட்டில் போட்டுவிட்டு, அடுப்பு மூட்டிப் பலகாரம் செய்து சம்பந்தியை மடக்கினார்கள் என்று போளூர் பஸ்ஸில் இன்றும் பேச்சு இருக்கிறது.

அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. வெள்ளைக்கரு போக மிஞ்சிய மஞ்சள்கருக்கள், காலையில் பொரித்துக்கொள்ளலாம் என்று சாந்தம்மாள் மூடிவைத்த கிண்ணத்தில், மறுநாளும் பச்சையாகவே இருந்தன.