தோளுக்கு நடுவே ஒரு வெளிச்சம்

புது ஸ்கேனர் வந்து பதினோரு நாளாகியும் நான் அதில் ஓர் எலியைக்கூடப் படுக்க வைக்கவில்லை. கேட்டவர்களிடம் மெஷின் இன்னும் தயாராகவில்லை என்றேன். பொய். எனக்குப் பயம்.

மூன்று வருடமாக ஒரு மருந்தின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தேன். புற்றுக்கட்டி நுரையீரலுக்குப் பரவாமல் அது தடுக்கும் என்பது என் நம்பிக்கை. பழைய பெட் (PET) ஸ்கேனர் அப்படிச் சொல்லவில்லை. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போடுவோம். அதை அதிகம் விழுங்கும் இடம் படத்தில் ஒளிரும். கட்டிகள் பெருந்தீனிக்காரர்கள். மருந்து கொடுத்த ஐந்து சுண்டெலிகளுக்கும் மார்பருகே ஒரு வெளிச்சக் கறை தெரிந்தது. அது கட்டிதான் என்றால் வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எங்கள் ஆய்வகத்தின் இயக்குநர் ஆய்வை மூடச் சொல்லிவிடுவார். கறை மங்கலாக இருந்தவரை எனக்கு ஒளிந்துகொள்ள இடமிருந்தது. புது மெஷின் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானதைப் பிரித்துக் காட்டுமாம். அவ்வளவு தெளிவு யாருக்கு வேண்டும்?

திங்கள் காலை, எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அந்த ஐந்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு கூண்டும் கையுமாக வந்து நின்றார்.

"டாக்டரம்மா, காலையிலேருந்து இவனப் பட்டினி போட்டிருக்கேன். இன்னிக்கும் நாளைக்குன்னீங்கன்னா நான் பொறுப்பில்ல. ஏற்கெனவே முறைக்கிறான்."

"மெஷின் செட் ஆகலையேக்கா."

"அது ஆகி ஒரு வாரமாச்சு மேடம்!" மெஷினைப் பொருத்த வந்த இன்ஜினியர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். வாயைத் திறந்தால், எலியை உள்ளே நுழைத்துப் படமெடுக்கும் ஸ்கேனரின் வளையத்தைப் பற்றியே பேசுவதால், அக்கா அவருக்கு 'வளையம்' என்றே பெயர் வைத்திருந்தார்.

"வளையமே சொல்லிட்டாரு. இனி என்ன சாக்கு?"

சாக்கு இல்லை. ஊசி போட்டு, வழக்கம்போல எலியை ஸ்கேன் அறையிலேயே ஒரு மணி நேரம் வைத்திருந்து, மயக்க மருந்து கொடுத்து வளையத்துக்குள் அனுப்பினோம். பழைய மெஷின் நாற்பது நிமிடம் எடுக்கும். இது பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டது. படம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

"பேய்ப் படமா ஓடுது? கண்ணத் தொறங்க," என்றார் அக்கா.

திறந்தேன். கறை இரண்டாகப் பிரிந்திருந்தது. இடமும் வலமும் ஒரே அளவில் இரண்டு சிறகுகள்.

"பட்டாம்பூச்சி மாதிரி இருக்கே மேடம். கட்டி இப்படியா ஜோடியா வளரும்?" என்றார் வளையம்.

படத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன். சிறகுகள் முதுகுப் பக்கம், தோலுக்கு அடியில், தோள்களுக்கு நடுவே இருந்தன. நுரையீரல் இருட்டாக இருந்தது. பழைய மெஷின் முதுகையும் மார்பையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறது.

பழுப்புக் கொழுப்பு! குளிரும்போது எலியின் உடம்பு அதைத்தான் அடுப்பாக எரிக்கும். சர்க்கரையெல்லாம் அங்கே போய்விடும். இதை நானே வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

"அக்கா, இங்க எலிக்குக் குளிருமா?"

"பின்ன? பழைய மெஷின் சூடாகுதுன்னு ஏசிய பதினெட்டுல வெச்சவங்க நீங்கதானே. நீங்க ஸ்வெட்டர், நான் சால்வை. அவனுக்கு யாரு போட்டுவிட்டா?"

"மூணு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீங்க கேக்கலையே. ஆராய்ச்சிக்கே அப்படித்தான் வேணும்போலன்னு நெனச்சேன்."

வளையம் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே ஒன்று உறுத்தியது. மருந்து கொடுக்காத எலிகளுக்கும் அதே இடத்தில் கறை இருந்தது. அவற்றுக்குக் கட்டி பரவத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். தோற்றுவிட்டேன் என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேட்காமல் நம்பிவிடுகிறவள் நான். ஆய்வில் மட்டுமல்ல.

ஆனாலும் ஓர் எலியை வைத்து எதையும் சொல்ல முடியாது. அடுத்த மூன்று நாளும் அக்கா வெப்பத் தட்டின் மேல் கூண்டுகளை வைத்து, ஒவ்வொன்றாக அனுப்பினார். மருந்து கொடுத்த ஐந்து எலிகளும் கதகதப்பாக இருந்தபோது சிறகு மறைந்துவிட்டது. நுரையீரல் இருட்டாகவே இருந்தது. மருந்து இல்லாத எலிகளின் நுரையீரலில் மட்டும் மணி மணியாக வெளிச்சம், பரவிய கட்டிகள்.

வியாழன் மாலை இயக்குநருக்குப் போன் போட்டேன்.

"சார், பழைய படம் அத்தனையும் தப்பு. எலிங்கள நான்தான் குளிர்ல வெச்சிருக்கேன். முழுக்க என் தப்பு."

"அது சரிம்மா. அதுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷமா கத்தறீங்க?"